பழைய ரோடு சைக்கிளின் பிரேக்கும் கியரும் சொன்னபடி கேட்க

பல வருஷம் ஓரமாக நின்ற ரோடு சைக்கிளை வெளியே எடுத்தால் பிரேக் பிடிக்காது, கியர் தாவும். உடனே கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பின் டீரெய்லரில் கண்ணில் படும் இரண்டு சின்னத் திருகுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். உண்மையில் அந்தத் திருகுகள் தானாக நகர்வது அபூர்வம். காலப்போக்கில் கெடுவது மற்றவை: கம்பி துருப்பிடிக்கும், கம்பி ஓடும் வெளிக்குழாயான அவுட்டருக்குள் அழுக்கு சேரும், பிரேக் கட்டை கல்லாகும், கிரீஸ் பிசினாகும், கீழே விழுந்த சைக்கிளில் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையும். அதனால் கேபிள் முதலில், திருகு கடைசியில். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

கையில் இருக்க வேண்டியவை: 4, 5, 6 மி.மீ. அலன் கீ, 8, 9, 10 மி.மீ. ஸ்பேனர், 13 அல்லது 14 மி.மீ. மெல்லிய கோன் ஸ்பேனர். தட்டை அரம், குத்தூசி, உப்புத்தாள், ஐசோபுரொபைல் ஆல்கஹால், கிரீஸ், மெல்லிய எண்ணெய். இவற்றோடு கேபிள் வெட்டுவதற்கென்றே உள்ள நல்ல கட்டர் ஒன்று. சாதாரணக் குறடு கம்பியை வெட்டாது, நசுக்கும். நசுங்கிப் பிரிந்த கம்பி அவுட்டருக்குள் நுழையாது.

பிரேக்: கோளாறு எந்தப் பாதியில்?

முதலில் வீலைப் பாருங்கள். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, வீலின் அச்சைப் பூட்டும் குவிக் ரிலீஸைத் தளர்த்தி, அச்சு இரண்டு பக்கமும் முழுசாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். வீலில் கோட்டம் இருந்தால் அதை எடுத்த பிறகுதான் பிரேக்கைத் தொட வேண்டும். கோட்டமுள்ள ரிம்முக்கு ஏற்ப பிரேக்கை வைத்தால் இடைவெளி அதிகமாக விட வேண்டியிருக்கும், லீவர் ஹேண்டில்பார் வரை போகும்.

அடுத்து, இரண்டு கைகளால் ரிம்மை நெருக்கும் காலிப்பரில் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திக் கம்பியை விடுவியுங்கள். இப்போது இரண்டு சோதனை. காலிப்பரின் இரண்டு கைகளையும் விரலால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஸ்பிரிங் அவற்றை உடனே விரிக்க வேண்டும். பிறகு கம்பியின் முனையை ஒரு கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லீவரை மெதுவாக அழுத்தி விடுங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நறநறவென்று உரசினாலோ, ஓரிடத்தில் தயங்கினாலோ, கோளாறு கேபிளில். கம்பி வழுக்கி, காலிப்பர் மட்டும் சோம்பலாக விரிந்தால் கோளாறு காலிப்பரின் அச்சில். ஒரு நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் ஸ்பிரிங்கை வளைப்பவர்கள், புதுக் காலிப்பர் வாங்குபவர்கள் நிறையப் பேர்.

காலிப்பர் சோம்பலாக இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஒற்றை அச்சுள்ள பழைய சைடுபுல் காலிப்பரில் முன்பக்கம் இரண்டு நட்டு இருக்கும்: உள்ளே இருப்பது ஆட்டத்தைச் சரிசெய்ய, வெளியே தொப்பி போல இருப்பது அதைப் பூட்ட. வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய கிரீஸைத் துடைத்து, அச்சிலும் வாஷர்களிலும் ஸ்பிரிங் உரசும் இடங்களிலும் புது கிரீஸ் தடவுங்கள். பொருத்தும்போது உள் நட்டை ஆட்டம் முழுசாகப் போகும் வரை இறுக்கி, கைகள் தடையில்லாமல் விரியும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். பிறகு உள் நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் உள் நட்டும் சேர்ந்து திரும்பி, காலிப்பர் மறுபடி இறுகிவிடும். முன்னும் பின்னுமாக ஆட்டம் விட்டாலோ, பிரேக் பிடிக்கும்போது கைகள் அதிர்ந்து கீச்சிடும்.

கேபிள்: பழசைக் காப்பாற்ற வேண்டாம்

வயதான கேபிளுக்கு எண்ணெய் விட்டு உயிர்கொடுப்பது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். இன்னர் கம்பியையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் இன்னர் சுமார் 1.6 மி.மீ. தடிமன், அவுட்டர் 5 மி.மீ. கியர் இன்னர் 1.2 மி.மீ., அவுட்டர் 4 மி.மீ. ரோடு லீவருக்கான பிரேக் கம்பியின் தலை பேரிக்காய் வடிவில் இருக்கும். நேர் ஹேண்டில்பார் லீவருக்கானது உருளை வடிவில். இரண்டு முனையிலும் தலையுள்ள கம்பியானால் வேண்டாததை வெட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடக்கூடாது. பிரேக் அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது; எவ்வளவு அழுத்தினாலும் பிளக்காது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும்; அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் மட்டுமே. ஓங்கி பிரேக் பிடித்தால் அது பிளந்து, கம்பிகள் விரிந்து, பிரேக்கே இல்லாமல் போகும். அதுவும் பிரேக் மிக அவசியமான நொடியில்தான் நடக்கும்.

அவுட்டரைப் பழையதன் நீளத்துக்கு வெட்டுங்கள், ஆனால் பழையது சரியான நீளம்தானா என்றும் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் அவுட்டர் இழுபடக்கூடாது. நேராக வைத்தால் பெரிய வளையமாகத் துருத்தவும் கூடாது. வெட்டிய முனையைக் கூர்ந்து பாருங்கள். சுருளின் கடைசிச் சுற்று உள்பக்கம் மடிந்து ஒரு சின்னக் கொக்கியாக நிற்கும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் சப்பி வாய் மூடியிருக்கும். கொக்கியை அரத்தால் ராவி முனையைத் தட்டையாக்குங்கள், குத்தூசியை விட்டுச் சுழற்றி வாயைத் திறங்கள், பிறகே முனைத்தொப்பி. புது கேபிள் போட்டும் லீவர் கனமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கொக்கிதான் காரணம். உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள அவுட்டருக்கு கிரீஸ் தேவையில்லை. குழாய் இல்லாத பழைய வகை என்றால் கம்பிக்கு மெல்லிசாக கிரீஸ் பூசிச் செலுத்துங்கள்.

கம்பியைப் பூட்டியதும் லீவரைப் பத்துப் பதினைந்து முறை முழு பலத்தோடு அழுத்துங்கள். தொப்பிகளும் அவுட்டரும் தங்கள் இடத்தில் உட்கார்ந்து கம்பி தளரும். மறுபடி இழுத்து, நட்டை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

பிரேக் கட்டை

நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் பதியாமல், மேலே கண்ணாடி போல மின்னினால் அந்தக் கட்டை முடிந்தது. புதுசு மாற்றுவதே சரி. மேல்பரப்பு மட்டும் மின்னி, உள்ளே ரப்பர் மென்மையாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் புதுப் பரப்பைக் கொண்டுவரலாம். ரப்பரில் புதைந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளைக் குத்தூசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள்; விட்டால் அவை ரிம்மை அறுக்கும். ரிம்மை ஆல்கஹால் தோய்த்த துணியால் துணி கறுப்பது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு ரிம்மின் பிரேக் பரப்பில் ஒரு நேர் ஸ்கேலைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. காற்றின் அழுத்தம் தாங்காமல் ஓரம் பிய்ந்துகொள்ளும் ஆபத்து அதில் உண்டு. அதை வைத்து ஓட்ட வேண்டாம்.

குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் பிரேக் மிக மோசமாகவே பிடிக்கும். எந்த அட்ஜஸ்ட்மென்டும் அதைத் தீர்க்காது. அலுமினிய ரிம்முக்கு மாறுவதே வழி. 27 அங்குல வீலிலிருந்து 700சி வீலுக்கு மாறினால் ரிம் விட்டம் 630 மி.மீ.யிலிருந்து 622 ஆகிறது. கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். காலிப்பரின் பிளவில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்று ரிம் வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கட்டையின் முழு முகமும் ரிம்மில் பட வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் ஸ்போக் பக்கம் நழுவும். இடைவெளி பக்கத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. ஒரு முனை திறந்த உலோக உறையில் கட்டை இருந்தால், மூடிய முனை முன்பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஓங்கிப் பிடிக்கும்போது ரப்பர் உறையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

கீச்சென்ற சத்தத்துக்கு மருந்து, கட்டையின் முன்முனை கொஞ்சம் முந்திப் படுவது. பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு மி.மீ. அட்டைத் துண்டை வைத்து, லீவரை அழுத்திப் பிடித்தபடி கட்டையின் போல்ட்டை இறுக்கி, அட்டையை உருவிவிடுங்கள். குழிவான வாஷர் இல்லாத பழைய கட்டைகளில் இந்தச் சாய்வு வராது. அதற்காகக் காலிப்பர் கையை ஸ்பேனரால் முறுக்கும் பழக்கம் உண்டு. பழைய அலுமினியம் வெடிக்கலாம், அதைவிட வாஷரோடு வரும் புதுக் கட்டை மலிவு. சத்தத்தோடு முன்பக்கம் தடதடவென்று அதிர்ந்தால், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஃபோர்க் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டில் டக் டக் என்று தட்டினால் கோளாறு பிரேக்கில் இல்லை.

ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசுகிறதா? ஒற்றை அச்சுக் காலிப்பரில், ஃபோர்க்குக்கும் கைகளுக்கும் நடுவே அச்சில் தட்டையான பக்கங்கள் இருக்கும். கோன் ஸ்பேனரை அங்கே மாட்டித் திருப்புங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் பின்புற நட்டையும் முன் நட்டையும் ஒரே திசையில் சேர்த்துத் திருப்பலாம். இரட்டை அச்சுள்ளதில் மேலேயோ பக்கத்திலேயோ ஒரு சின்னத் திருகு இதற்கென்றே இருக்கும்.

1970-களின் பல சைக்கிள்களில் ஹேண்டில்பாரின் மேல்பகுதியிலிருந்து பிடிக்கும்படி துணை லீவர் வைத்திருப்பார்கள். அது பாரில் முட்டி நின்றுவிடும், பிரேக் பாதிதான் பிடித்திருக்கும். கழற்றி எறிவது நல்லது. அதன் நீண்ட அச்சுக்குப் பதில் குட்டை அச்சு போட வேண்டும்.

கியர்: ஹேங்கர், செயின், பிறகே கேபிள்

சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரின் மேல் கப்பியும் கீழ் கப்பியும் பின் பல்சக்கரங்களுக்கு நேராக, ஒரே செங்குத்துக் கோட்டில் தொங்க வேண்டும். கீழ் கப்பி ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வலப்பக்கமாக ஒரு முறை விழுந்தாலே போதும். இது நிமிராத வரை, ஒரு கியருக்குச் சரிசெய்தால் இன்னொன்று தாவிக்கொண்டே இருக்கும். அளக்கும் கருவி இல்லையென்றால் இன்னொரு பின் வீலின் அச்சு உதவும். பெரும்பாலானவற்றில் ஹேங்கரின் மரையும் அதே 10 மி.மீ. மரைதான். டீரெய்லரைக் கழற்றி அந்த வீலை ஹேங்கரில் திருகினால், இரண்டு ரிம்மும் சுற்றிலும் சம தூரத்தில் இருக்க வேண்டும். மேலும் கீழும், முன்னும் பின்னும் அளங்கள், 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீலையே பிடியாகக் கொண்டு மெதுவாக நிமிர்த்துங்கள். இரும்பு ஃபிரேம் தாங்கும். அலுமினிய ஹேங்கரைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் மாற்றுங்கள்.

செயினில் 12 முழு இணைப்புகளை, ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடு வரை அளங்கள். புதுசில் 304.8 மி.மீ. இருக்கும். 306.4-ஐத் தொட்டால் செயினை மாற்றும் நேரம். 308-ஐத் தாண்டிவிட்டால் பின் பல்சக்கரங்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் சின்னச் சக்கரங்களில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். இந்த வழுக்கலைக் கேபிள் கோளாறென்று நினைத்து, கம்பியின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண். எந்தக் கியரிலும், சில மிதிகளுக்கு ஒரு தடவை, சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால் அது இறுகிய கண்ணி. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கப்பிகளைப் பார்த்தால் அந்தக் கண்ணி மடங்காமல் வருவது தெரியும். பக்கவாட்டில் விரல்களால் நெளித்து எண்ணெய் விடுங்கள்.

கேபிளில் முதலில் மாற்ற வேண்டியது பின் டீரெய்லருக்குள் போகும் அந்தக் கடைசி வளையம். சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரும் மண்ணும் சேருமிடம் அதுதான். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்குக் கீழே கம்பி ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டியையும் கழுவுங்கள். கம்பி அதில் ஆழமாகப் பள்ளம் போட்டிருந்தால் மாற்றுங்கள். ஓர் எளிய அடையாளம்: பெரிய சக்கரத்துக்கு ஏறுவது சரியாக இருந்து, சின்னதற்கு இறங்குவது மட்டும் தாமதித்தால் கேபிளில் உரசல். ஏற்றுவது உங்கள் கை, இறக்குவதோ ஸ்பிரிங். உரசலை மீற ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது.

பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்டிஐ லீவர் 1990-இல் வந்தது. பழைய எஸ்டிஐ லீவரை அழுத்தினால் எதிலும் மாட்டாமல் வெறுமனே ஆடுகிறதா? பெரும்பாலும் உடையவில்லை, உள்ளே கிரீஸ் கெட்டியாகிப் பல் மாட்டும் சின்னக் கொண்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் உறையை மடக்கி, உள்ளே டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் ஸ்பிரேயைத் தாராளமாக அடியுங்கள். கீழே துணி பிடியுங்கள், ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. இரண்டு லீவரையும் மாற்றி மாற்றி ஐம்பது, நூறு தடவை அழுத்துங்கள். பழுப்புத் தண்ணீர் வடியும். ஓர் இரவு விட்டு மறுபடி அடியுங்கள். வடிவது தெளிந்து, கிளிக் திரும்பிய பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஸ்பிரே மட்டும் போதாது. பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், அந்த ஸ்பிரிங்குகளை மறுபடி கோர்ப்பது பெரிய பாடு. கம்பி தலைப்பக்கம் பிரிந்து உள்ளே சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது திருகுகள்

கம்பியைக் கழற்றிய நிலையில் செயின் தானாக மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும். டீரெய்லர் வெளிப்பக்கம் எதுவரை போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும், ஹெச் என்று பொறித்த திருகால், மேல் கப்பி அந்தச் சக்கரத்தின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். பிறகு பெடலைச் சுற்றியபடி டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளுங்கள். உள்பக்க எல்லையைக் கட்டுப்படுத்தும் எல் திருகு செயினைப் பெரிய சக்கரம் வரை விட வேண்டும், அதைத் தாண்ட விடக்கூடாது. தாண்டினால் செயின் ஸ்போக்குக்குள் விழும். ஓடும்போது நடந்தால் வீலும் ஹேங்கரும் போகும், நீங்களும் விழுவீர்கள். எழுத்துப் பொறிக்காத டீரெய்லரில், திருகும்போது எந்த முனையில் கப்பி நகர்கிறது என்று பார்த்தால் புரியும்.

சின்னச் சக்கரத்தில் வைத்து, அட்ஜஸ்டரை உள்ளே திருகி ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்து, கம்பியின் தொய்வை நீக்கிப் பூட்டுங்கள். ஒரு கிளிக் போடுங்கள். இரண்டாவது சக்கரத்துக்கு ஏறவில்லை என்றால், டீரெய்லர் அட்ஜஸ்டரைப் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று. மூன்றாவதைத் தொட்டு உரசினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பெடலைச் சுற்றிப் பாருங்கள். அவசரப்பட்டு முழுச் சுற்றுப் போட்டால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. பெரிய சக்கரத்தில் செயின் இருக்கும்போது மேல் கப்பி அதன் பல்லிலிருந்து 5, 6 மி.மீ. தள்ளி இருக்கட்டும், டீரெய்லரின் பின்புறத் திருகு அதற்குத்தான்.

எல்லாம் செய்தும் நடுவில் சில கியர்கள் மட்டும் ஒத்துவரவில்லையா? லீவரும் டீரெய்லரும் பின் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். ஷிமானோ 1984-இல் டியூரா-ஏஸ் 7400 வரிசையோடு ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் மாறும் கிளிக் முறையைக் கொண்டுவந்தது; அந்த வரிசையின் பின் டீரெய்லர் ஷிமானோவின் மற்ற லீவர்களோடு சேராது, இழுப்பு அளவே வேறு. சன்டூர், கம்பக்னோலோ நிறுவனங்களின் அளவுகளும் வேறு வேறு. ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயில் பொருத்திய டவுன் டியூப் லீவராக இருந்தால் வழி உண்டு: பல வலப்பக்க லீவர்களில் நடுவில் உள்ள வளையத்தைத் திருப்பினால் கிளிக் நின்று, லீவர் விட்ட இடத்தில் நிற்கும் உராய்வு முறைக்கு மாறும். உராய்வு முறைக்கு எந்தக் குடும்பமும் பொருந்தும். ஏறும்போது லீவர் தானாக நழுவிக் கியர் மாறினால் அதன் நடுத் திருகை இறுக்குங்கள். இறுக்கியும் நழுவினால் வாஷர்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது, கழற்றித் துடையுங்கள்.

முன் டீரெய்லரில் இடம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கூண்டின் வெளித்தகடு பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரங்களில் பெரிய செயின்ரிங்கின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், ரிங்குக்கு இணையாக நிற்க வேண்டும். செயின் உள்பக்கம் விழுந்தால், சின்ன ரிங்கிலும் பின்னால் மிகப் பெரிய சக்கரத்திலும் வைத்து, உள்தகடு செயினிலிருந்து அரை மி.மீ. தள்ளி நிற்கும்படி எல் திருகைத் திருப்புங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசினால் செயின்ரிங் வளைந்திருக்கிறது. டீரெய்லரை விட்டு ரிங்கைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன், நின்ற இடத்திலேயே இரண்டு லீவரையும் உங்கள் முழு பலத்தோடு அழுத்துங்கள். கம்பி நட்டில் வழுக்கக்கூடியது என்றால் இங்கேயே வழுக்கட்டும். முதல் ஓட்டம் வண்டி வராத சமதளத்தில், இறக்கம் பிறகு. சில நாள் ஓட்டிய பின் புது அவுட்டர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து, பின் கியர் ஏறத் தயங்கும், பிரேக் லீவர் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். அப்போது கியர் அட்ஜஸ்டரில் கால் சுற்று, காலிப்பர் அட்ஜஸ்டரில் ஒரு சுற்று வெளியே எடுத்து, அதன் பூட்டு வளையத்தை விரலால் இறுக்கிவிட்டால் போதும்.